ஓடும் பட்டையும் ஒரு கையொப்பமும்

வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் ஒரு பொருளைத் தெரிந்தெடுத்துப் பணமுஞ் செலுத்திவிட்டால், இரண்டொரு நாளில் அது பழுப்புநிற அட்டைப்பெட்டி யொன்றில் அடங்கி வாயிற்படிக்கு வந்து சேருகின்றது. கொண்டுவந்த இளைஞரை நாம் காண்கின்றோம். வெயிலாயிருந்தால் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுக்கின்றோம். அப்பெட்டி முந்தின இரவு எங்கே கிடந்தது, எவரெவர் கை மாறி வந்தது என்பதை நினைப்பார் அரியர். யாமும் நினைத்தவரல்லோம், இக்கல்லூரியை விட்டு வெளியேறிய ஆண்டில் எட்டுத் திங்கள் அத்தகைய பண்டகசாலை யொன்றில் இரவுவேலை பார்க்கும் வரையில். இப்பொழுது நம் கல்லூரி மாணாக்கர் சிலர் விடுமுறைக் காலங்களில் அவ்வேலைக்குச் செல்கின்றனர் என்று கேள்வியுற்றோம். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக எனத் தமிழாசிரியர் பணித்தபோது, வேறொன்றும் எழுதத் தோன்றாமல் இதனையே எழுதலானோம்.

அப்பண்டகசாலை ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால், பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உட்புறமாக இருந்தது. வேலையாட்கள் அதனைக் குடோன் என்றே வழங்குவர். உயர்ந்த தகரக் கூரை. வழவழப்பான காங்கிரீட்டுத் தரை. ஒரு பக்கத்து வாயில்களில் பெரிய லாரிகள் பின்புறமாக வந்து ஒட்டி நிற்கும். எதிர்ப்பக்கத்து வாயில்களில் சிறு வண்டிகள் காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓடுவதுதான் கன்வேயர் என்னும் ஓடுபட்டை. லாரியிலிருந்து இறக்கிய பொதிகளை முகவரிச் சீட்டு மேல்நோக்கும்படி அதன்மேல் வைப்பர் ஒரு சாரார். சிறிது தூரத்தில் வளைவு போன்ற ஒரு கருவி, சீட்டிலுள்ள கறுப்புக் கோடுகளைப் படித்து, இப்பொதி இன்ன அஞ்சல் எண்ணுக்குரியது என்று கண்டுகொள்ளும். உரிய இடம் வந்ததும் பக்கத்திலிருந்து ஒரு தள்ளுகட்டை நீண்டு பொதியைச் சரிவில் தள்ளிவிடும். சரிவின் கீழே நின்று, வந்து விழுவனவற்றை எடுத்துச் சாக்கில் இடுவது எம் வேலை. இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும்.

முதல் இரவில் எமக்குப் பாடஞ் சொன்னவர் பிட்டர் ஒருவர். பஞ்சாலை யொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றபின் அங்கு வந்து சேர்ந்தவர். பட்டை சுற்றித் திரும்பும் கோடிக்கு எம்மை அழைத்துச் சென்று, அடிப்புறமாகத் திரும்பி வருஞ் சுற்று உருளையைத் தொடும் இடத்தைக் காட்டி, எட்ட நின்றவாறே ஒரு கிழிந்த அட்டைத் துண்டை அதில் வீசினார். அது போன வழியை எம் கண் காணவில்லை. இலைபோல் நசுங்கி மறுபுறத்தில் வந்து விழுந்ததை மட்டுமே கண்டோம்.

“பாத்தியா தம்பி? அது அட்டையா கையான்னு உருளைக்குத் தெரியாது” என்றார்.

பின்பு எம் கழுத்தில் தொங்கிய அடையாளச் சீட்டின் நாடாவைப் பிடித்துச் சட்டைக்குள் செருகினார். அவருடைய தகப்பனாரும் ஆலைத் தொழிலாளியாம். அக்காலத்து ஆலைகளில் கூரையடியே நீண்ட இருப்புத் தண்டு ஒன்று சுழல, அதிலிருந்து ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு பட்டை இறங்கும். வேட்டித் தலைப்போ தோள்துண்டோ அதில் அகப்பட்டால் ஆளையே மேலே தூக்கிவிடும். ஓடும் யந்திரத்தண்டை செல்பவன் உடலோடு ஒட்டிய உடை அணிதல் வேண்டுமென 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 22-ஆம் பிரிவில் விதித்தது அக்கால அநுபவத்தால்தான். தண்டும் இறங்குபட்டையும் மறைந்தன. நாடாவும் துப்பட்டாவும் தளர்ந்த கையுறையும் அவற்றின் இடத்தில் வந்தன. இழுத்தால் தானே அவிழும் நாடாக்கள் கடைகளில் அகப்படுகின்றன. அவற்றை வாங்கிக் கொடுக்க எந்த முதலாளியும் ஏழையாகிவிட மாட்டார்.

பட்டையின் மேற்புறம் பார்ப்பதற்குச் சாதுவானது. பொதிகளைச் சுமந்து ஆற்றுநீர்போற் செல்லும். பட்டையும் உருளையும் உள்நோக்கிச் சுழன்று ஒன்றையொன்று கவ்வும் மூலைகளிலேதான் அபாயம் இருக்கின்றது. கோடி உருளைகளில் அம்மூலை உண்டு. அடிப்புறத்தில் பட்டையைத் தாங்கும் உருளைகளில் உண்டு. ஒரு பட்டை முடிந்து அடுத்த பட்டை தொடங்கும் இடுக்கிலும் உண்டு. எம் பட்டையின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். விரல்நுனி பிடிபட்டதென்று மூளை அறிந்து, கையை இழுக்குமாறு தசைக்கு ஆணை செல்வதற்குக் கால் வினாடியேனும் வேண்டும். அக்கால் வினாடியில் பட்டை நகரும் தூரம் முப்பத்தேழு சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு முழத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே விரல் அகப்பட்டது என்று ஒருவன் உணரும் பொழுதில் முன்னங்கையே உள்ளே சென்றிருக்கும். ஜாக்கிரதையாயிருப்பேன், அகப்பட்டால் இழுத்துக்கொள்வேன் என்பவனுக்கு அந்த நேரத்தை உருளை கொடுப்பதில்லை. இக்கணக்கை யாம் போட்டுப் பார்த்தது பிற்காலத்திலே.

இதற்கெனவே அம்மூலைகளை இருப்புத் தகட்டினாலோ வலையினாலோ மூடுகின்றனர். மூடுவதிலும் ஒரு நியாயம் உண்டு. வலையின் துளை எவ்வளவு பெரிதோ அவ்வளவு தள்ளி அது நிற்றல் வேண்டும். ஐ.எஸ்.ஓ. 13857 என்னும் சர்வதேசத் தரவிதி இதற்கு அளவே குறித்திருக்கின்றது. நீண்ட பிளவு 12 மில்லிமீட்டர் அகலமுள்ளதாயின் அபாயமூலை குறைந்தது 100 மில்லிமீட்டர் அப்பால் இருத்தல் வேண்டும். பிளவு 30 மில்லிமீட்டர் ஆயின் 850 மில்லிமீட்டர். முதலாவது விரலின் கணக்கு. இரண்டாவது தோள்வரை நீளும் கையின் கணக்கு. ஒரு மனிதனுடைய விரலும் கையும் எவ்வளவு தூரம் எட்டும் என்று உட்கார்ந்து அளந்து எழுதியவர்களை யாம் மனத்தினால் வணங்குவதுண்டு.

எம் சரிவுக்கு அருகே, இரண்டு பட்டைகள் கூடும் இடுக்கின் பக்கவாட்டில், அத்தகைய தகடு ஒன்று நான்கு மரையாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் பொதிகள் பெருகின. பொதிகளைக் கட்டிய பிளாஸ்டிக் வார்களும், ஒட்டுநாடாச் சுருள்களும், பாலிதீன் கிழிசல்களும் உருளையில் வந்து சுற்றிக்கொள்ளும். ஓர் இரவில் ஐந்தாறு முறையேனும் நிறுத்திக் கழற்றிச் சுத்தஞ் செய்ய நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் நான்கு ஆணிகளைக் கழற்றிப் பூட்டப் பொறுமை எவருக்கு உண்டு? ஓர் இரவு தகட்டைக் கழற்றியவர்கள் அதனைத் திரும்பப் பூட்டவில்லை. மஞ்சள் வர்ணம் தீட்டிய அத்தகடு ஒன்பது நாள் சுவரோரம் சாய்ந்து நின்றது. சூப்பர்வைசர் கண்டார், பிட்டர் கண்டு இரண்டு முறை சொன்னார், யாமும் நாள்தோறும் அதனருகே எம் தண்ணீர்ப் புட்டியை வைத்தோம்.

பட்டையின் நீளமெங்கும் தலையுயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. எவ்விடத்தில் இழுத்தாலும் பட்டை நின்றுவிடும்; இழுபட்ட சுவிட்சை ஒருவர் நேரிற் சென்று விடுவித்து, பிறகு தொடக்கப் பொத்தானையும் அழுத்தினாலன்றி மீண்டும் ஓடாது. இதைவிட எளிய, இதைவிட நேர்மையான கருவியை யாம் கண்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பெட்டி பிளந்து, கண்ணாடிப் புட்டிகள் பட்டையில் உருண்டு வரவே, யாம் அக்கயிற்றை இழுத்தோம். நாற்பது பேர் கைகட்டி நின்றனர். சுவரிலிருந்த திரையில் நிறுத்த நேரம் சிவப்பெழுத்தில் ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் ஓடிவந்து, “இந்தக் கயித்துல கை வச்சா எனக்கு ரிப்போர்ட் போகும், தெரியுமா? ஒரு பாட்டிலுக்காகவா லைனை நிறுத்துவே?” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டார். அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். அவரையும் அவ்வாறே கடிந்துகொள்வர் என்பதைப் பின்னர் அறிந்தோம். அன்று முதல் அக்கயிற்றினருகே எம் கை செல்லவில்லை. கயிறு அறுபடவில்லை, சுவிட்சு கெடவில்லை. ஆனால் அதனைத் தொட எவரும் துணியாராயினர்.

மற்றொன்றும் சொல்லவேண்டும், அதுவே இக்கட்டுரையின் நடுநாயகம். இக்காலத்துப் பட்டைகள் வேலையில்லாதபோது தாமே உறங்கும். பொதி வரவில்லையென்று ஒளிக்கண் ஒன்று அறிந்து, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு மோட்டாரை நிறுத்திவிடும். மறுபடி ஒரு பொதி அக்கண்ணைக் கடந்தால், எவரும் பொத்தானை அழுத்தாமலே பட்டை எழுந்து ஓடும். உறங்கும் பட்டைக்கும் நிறுத்திவைத்த பட்டைக்கும் பார்வையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. இரண்டும் ஓசையற்றுக் கிடக்கும். அவற்றைப் பிரித்தறியக் கண்ணும் காதும் உதவா. மின்சாரம் எங்கே துண்டிக்கப்பட்டிருக்கின்றது, அதன் சாவி எவரிடம் இருக்கின்றது என்று அறிந்தவனுக்கே அது புலப்படும்.

பத்தாம் நாள் இரவு மூன்று மணி இருக்கும். ஒரு லாரி முடிந்து அடுத்த லாரி வாயிலில் ஒட்டுவதற்குள் சிறிது ஓய்வு. எம்முடன் அச்சரிவில் வேலை பார்த்தவர் செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்தவர். எம்மினும் பத்து வயது மூத்தவர். நாள்தோறும் வேனில் வந்து போவார். யாம் அவரை அண்ணே என்போம். வீட்டிலிருந்து கொண்டுவரும் கட்டுச்சோற்றில் எமக்கும் ஒரு பங்கு வைப்பார். பட்டைகள் கூடும் இடுக்கில் நீல நிற வார் ஒன்று சுற்றிக் கிடப்பதை அவர் கண்டார். லாரி வந்தபின் அது சிக்கிக்கொண்டால் எல்லாருக்கும் வேலை நிற்கும், ஏச்சும் விழும் என்பது அவர் எண்ணம். “பெல்ட்டு நிக்குது தம்பி, ஒரு நிமிஷம்” என்று சொல்லிக் குனிந்தார். தகடு இருக்கவேண்டிய இடத்தில் தகடு இல்லை. பின்னலுறை அணிந்த வலக்கையை உள்ளே நீட்டினார்.

வாயிற்புறத்தில் எவரோ முதற் பொதியை வைத்தார். அவர் எம்மைக் காணமுடியாத தூரத்தில் இருந்தார், அவர்மீது குற்றமில்லை.

அடுத்து நிகழ்ந்ததை யாம் எத்தனையோ முறை மனத்தில் திருப்பிப் பார்த்திருக்கின்றோம். கயிறு எம் இடத்தோளுக்கு மேலே, கையெட்டும் தூரத்தில் இருந்தது. யாம் அதனை இழுக்கவில்லை. “அண்ணே!” என்று கூவிக்கொண்டு ஓடி, அவர் தோளைப் பற்றிப் பின்னுக்கு இழுத்தோம். அகப்பட்ட கையை அவ்வாறு இழுத்தல் ஆகாது. யந்திரத்தை நிறுத்துவதே முதல் உதவி. எதிர்ச்சரிவில் நின்ற பெண்மணி ஒருவர் கயிற்றை இழுத்தார், பட்டை நின்றது. அதற்குள் எத்தனை வினாடி சென்றதோ, இரண்டோ மூன்றோ. கயிற்றை இழுத்தால் ஏச்சு விழும் என்ற நினைவு அந்தக் கணத்தில் எம் கையைத் தடுத்ததா, அன்றி அன்பு மிகுதியால் ஆளிடமே ஓடினோமா என்பதை இன்றுவரை எம்மால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. முன்னதும் ஓரளவு உண்மை என்றே அஞ்சுகின்றோம்.

பிட்டர் வந்து, மோட்டாரைத் தொடாமல், பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்தி, உருளையைக் கையாலேயே பின்னுக்குச் சுழற்றி அவரை விடுவித்தார். பொத்தானை அழுத்திப் பின்னோக்கி ஓட்டுவோம் என்று ஒருவர் சொன்னபோது பிட்டர் பார்த்த பார்வை எமக்கு மறக்கவில்லை. நடுவிரலில் இரண்டு கணுவும் மோதிரவிரலில் ஒரு கணுவும் போயின. மற்றைய விரல்கள் நிலைத்தன, அவை மடங்குவதில்லை.

காலை ஏழு மணிக்குச் சூப்பர்வைசர் எம்மைத் தம் அறைக்கு அழைத்தார். தேநீர் வருவித்தார். மேசைமேல் விபத்து அறிக்கைத் தாள் ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில் எழுதவேண்டியது. அச்சரிவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் யாம் ஒருவரே. இக்கல்லூரியில் கற்ற ஆங்கிலம் முதன்முதலாகப் பயன்பட்டது அங்கேதான். அவர் தமிழிற் சொல்லச் சொல்ல யாம் ஆங்கிலத்தில் எழுதினோம். காரணம் என்ற கட்டத்தில் எழுதியது, தொழிலாளியின் கவனக்குறைவு. தகடு கழன்றிருந்ததற்கு அத்தாளில் கட்டமே இல்லை. எழுதி முடித்தபின் சாட்சி என்ற இடத்தில் கையொப்பமுமிட்டு, தேநீரையும் குடித்துவிட்டு வேனில் ஏறினோம். மறுநாள் இரவு யாம் சென்றபோது தகடு நான்கு ஆணிகளோடு தன் இடத்தில் இருந்தது.

கவனக்குறைவு என்னும் அச்சொல்லைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். நம் சிற்றாலயத்தில் உபாகமம் வாசிக்கக் கேட்டவர்கள் அதன் 22-ஆம் அதிகாரத்து 8-ஆம் வசனத்தை நினைவுகூர்வர். புதுவீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல் விழுந்தவனுடைய இரத்தப்பழி அவ்வீட்டைச் சேரும் என்பது அதன் கருத்து. விழுந்தவன் கவனமாய் நடந்தானா, கனவு கண்டுகொண்டு நடந்தானா என்று அவ்வசனம் விசாரிக்கவில்லை. மனிதர் மெத்தையில் நடக்கும்போது என்றேனும் ஒருநாள் விளிம்புக்கு வருவர் என்பதை அது எடுத்துக்கொண்டே பேசுகின்றது. ஆங்கிலேயர் 1844-ஆம் ஆண்டிலேயே ஆலை யந்திரங்களுக்கு வேலியிடச் சட்டஞ் செய்தனர். 1897-இல் விசைத்தறியிலிருந்து நாடா பறந்துவந்து ஒருவரைக் காயப்படுத்திய வழக்கில் அந்நாட்டு நீதிபதிகள், ஒரு யந்திரம் அபாயமானதா என்று தீர்மானிக்கும்போது வேலையாள் சிற்சில வேளை கவனந் தவறுவான் என்பதையும் கணக்கிற் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று கூறினர். ஆகவே கவனக்குறைவு என்பது வேலி இல்லாமைக்கு விடையாகாது; வேலி வேண்டும் என்பதற்கே அதுதான் காரணம்.

நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தன் 21-ஆம் பிரிவில், யந்திரத்தின் அபாயமான பாகங்களுக்கு உறுதியான வேலி இட்டு, அப்பாகங்கள் ஓடுங் காலமெல்லாம் அது தன் இடத்தில் இருக்கும்படி பாதுகாக்கவேண்டும் என்றது. சுவரோரம் சாய்ந்த தகடு இதில் அடங்காது. 24-ஆம் பிரிவு, அவசரத்தில் மின்விசையைத் துண்டிக்குங் கருவி வேலைக்கூடந்தோறும் வேண்டுமென்றது. தவறுதலாக மீண்டும் ஓடக்கூடிய சுவிட்சைப் பூட்டிவைக்க ஏற்பாடு வேண்டுமென 1976-ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்தது. பொதிகளைப் பிரித்து அனுப்பும் குடோன் தொழிற்சாலை ஆகுமா, ஆகாதா என்று வழக்கறிஞர் வாதிப்பதுண்டு. உருளை அவ்வாதத்தைக் கேட்டுக்கொண்டு சுழல்வதில்லை. 2020-இல் நாடாளுமன்றம் பல தொழிற்சட்டங்களைத் திரட்டி ஒரே தொகுப்பாக்கிற்று. உயிருக்கோ உடலுக்கோ பெருந்தீங்கு நேரும் என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதனை முதலாளிக்குத் தெரிவிக்கும் உரிமை அதிற் சொல்லப்பட்டுள்ளது. சொல்லுகிறவனை ஏசாதிருக்கும் சூப்பர்வைசரை எந்தச் சட்டம் உண்டாக்கும் என்பதுதான் எமக்குத் தெரியவில்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. சம்பாதிக்கும் சக்தியில் எந்த உறுப்புக்கு நூற்றுக்கு எவ்வளவு நஷ்டம் என்று அது வரையறுத்தது. கட்டைவிரல் 30. ஆட்காட்டிவிரல் முழுதும் 14. நடுவிரலில் இரண்டு கணு 9. மோதிரவிரலில் ஒரு கணு 5. எம் நண்பருக்கு ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. நஷ்டஈடு கொடுக்க ஓர் அளவு வேண்டியதுதான். அட்டவணையைக் குறைகூற வரவில்லை. நாற்று நடவும் மாட்டைக் கட்டவும் வலக்கை வேண்டிய ஒருவருக்கு அது பதினான்கோ, எழுபதோ என்று அட்டவணை எழுதியோர் எவ்வாறு அறிவர்?

சில ஆண்டு கழித்து, வேறு அலுவலாக, பிறிதொரு பண்டகசாலையைக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. அங்கே பட்டையில் எவரேனும் கைவைக்க நேரின், முதலில் மின்பெட்டியில் விசையைத் துண்டித்து, அத்துண்டிப்பின்மேல் தம் சொந்தப் பூட்டு ஒன்றை மாட்டுகின்றனர். பூட்டிலே அவர் பெயரும் படமும் தொங்குகின்றன. சாவி ஒன்றே, அது பூட்டியவர் சட்டைப்பையில் இருக்கின்றது. மூவர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் தம் பூட்டை எடுக்கும்வரை அந்த யந்திரத்தை எந்த அதிகாரியாலும் ஓட்டமுடியாது. பூட்டியபின் தொடக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று கண்டபிறகே கையை நீட்டுகின்றனர். உறங்கும் பட்டை எழுந்திருக்க அங்கே வழியில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகள் இம்முறையை 1989-இல் சட்டவிதியாக வகுத்தன. அதனால் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 120 மரணங்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படுகின்றன என்பது அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு இலாகாவின் மதிப்பீடு. அப்பண்டகசாலையின் தகடுகளைக் கழற்றினால் மோட்டார் தானே நின்றுவிடும்படி மின்தொடர்பு அமைத்திருந்தனர். சிவப்புக் கயிறும் இருந்தது. யாம் நின்றிருந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு சிறுபெண் அதனை இழுத்தாள். ஒரு பொதி குறுக்கே திரும்பிக்கொண்டதாம். மேற்பார்வையாளர் வந்து, பார்த்து, சரிசெய்து, “நல்லாப் பண்ணினே பாப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். எமக்குத் தொண்டை அடைத்தது. சிறுபெண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அவள் தலைமயிரை வலைக்குள் சரிசெய்துகொண்டு அடுத்த பொதியை எடுத்தாள்.

விடுமுறையில் அவ்வேலைக்குப் போகும் தம்பி தங்கையருக்கு ஒரு வார்த்தை. முதல் நாளே கயிறு எங்கே என்று பார்த்துக்கொள்க. எவரேனும் அகப்பட்டால் ஆளிடம் ஓடாமல் கயிற்றிடம் ஓடுக. எவரேனும் உங்களை ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதச் சொன்னால், கண்டதனைத்தையும் எழுதுக. கட்டம் இல்லையாயின் ஓரத்தில் எழுதுக.

சென்ற தைப்பொங்கல் கழிந்து, செய்யாற்றுப் பக்கம் செல்ல நேர்ந்தபோது அண்ணனைப் பார்க்கப் போனோம். போகவேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தும் கால் எழவில்லை என்பதை மறைக்கமாட்டோம். தொழுவத்தில் இருந்தார். எம்மைக் கண்டதும், “வாங்க தம்பி” என்று மகிழ்ச்சியோடு எழுந்தார். முன்னெல்லாம் வா என்பவர், வாங்க என்றது எமக்கு எப்படியோ இருந்தது. அவர் மனைவியார் மோர் கொண்டுவந்தார். பயிரைப் பற்றியும், பிள்ளை பத்தாம் வகுப்புப் படிப்பதைப் பற்றியும் பேசினோம். யாம் எழும் வேளையில் அவரே கேட்டார்.

“அன்னிக்கு அந்தப் பேப்பர்ல என்ன தம்பி எழுதினீங்க? நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னாங்க.”

யாம் சொன்னோம். எழுதியதையும் சொன்னோம், எழுதாமல் விட்டதையும் சொன்னோம்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “பெல்ட்டு நின்னுதானே தம்பி இருந்துச்சு?” என்றார்.

“நின்னுதான் அண்ணே இருந்துச்சு” என்றோம்.

அவர் தலையசைத்துவிட்டு, கன்றின் கயிற்றைப் பல்லிற் கடித்துக்கொண்டு இடக்கையால் முளையில் முடிச்சிடலானார்.